நாற்காலியிலிருந்து தொடங்குவோம்: முதியவர்களை உடலியக்கத்துக்குப் பழக்கும் முறை

நடக்கச் சொன்னால் "முட்டி வலிக்கிறது" என்று பெரியவர் சொல்வதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுவதே நாம் செய்யும் முதல் தவறு. வலி உண்மையாகவே இருக்கலாம். பல வேளைகளில் அதன் பின்னால், விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் ஒளிந்திருக்கும். அஞ்சி உட்கார்ந்தே இருப்பவரின் கால் தசைகள் தளர்கின்றன. தசை தளரத் தளர, அவர் அஞ்சிய அந்த விழுகைக்கே வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, எது தடுக்கிறது என்பதைப் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

நடைப்பயிற்சிக்கு முன்பே கால் வலுவைக் கவனிப்பது நல்லது என்பது என் கருத்து. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியொன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கையின் முன்விளிம்பருகே அவரை அமரச் செய்யுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தரையில் பதித்து, உடலை முன்சாய்த்து, மூச்சை அடக்காமல் எழுந்து நிற்க வேண்டும். பின்னர், தொப்பென்று விழாமல், இருக்கை உடலில் படும்வரை மெல்ல இறங்க வேண்டும். தொடக்கத்தில் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரத்தில் நாள்தோறும் ஐந்து முறை எழுந்து அமர்ந்தால் போதும். பல் துலக்கியதும் இதைச் செய்வது என்று வைத்துக்கொண்டால், யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைப்பதோடு, சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லி மிரட்ட வேண்டாம். ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும். நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால், அதுவே மிதமான வேகம்.

"நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அன்பாகச் சொல்லியே பெரியவர்களை முடக்கிவிடுகிறோம். துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் விழுந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்; நெஞ்சுவலி தணியாவிட்டால் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காய்ச்சல் வந்து சில வாரங்கள் பயிற்சி தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல், நாற்காலியில் அந்த ஐந்து முறையிலிருந்தே மறுபடியும் தொடங்கச் செய்யுங்கள்.