டிவி டவர் பக்கத்துல வீடா? பூஸ்டர் வாங்கிடாதீங்க

அமெரிக்கா கெளம்பறவங்களுக்கு, முக்கியமா ஹூஸ்டன் பக்கம் போறவங்களுக்கு, மேற்கு மாம்பலத்துல உக்காந்து இதை எழுதறேன். நான் 2013-ல போய் 2021-ல திரும்பி வந்தவன். போன வாரம் ராத்திரி அக்கா பொண்ணோட வீட்டுக்காரர், ஹூஸ்டனை ஒட்டின மிசௌரி சிட்டில இருந்து வீடியோ கால் போட்டு, "மாமா, டிவி ஆன்டெனால லோக்கல் சேனல் எதுவுமே நிக்க மாட்டேங்குது, சிக்னலைப் பெருக்கறதுக்கு இன்னும் பெரிய பூஸ்டரா ஆர்டர் போடப் போறேன்"னார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னா நான் 2000 டாலருக்கு மேல விட்டது இதே எடத்துலதான்.

மொதல்ல சட்டுனு சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். அங்க ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ்னு பெரிய டிவி நெட்வொர்க் எல்லாம் காத்துலயே ஃப்ரீயா வருது, ஹெச்டில, மாசக் கட்டணம் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. பெரிய ஸ்டேஷன்லாம் 2009 ஜூன் 12-ஓட முழுசா டிஜிட்டலுக்கு மாறியாச்சு. இங்க இருந்து டிவி தூக்கிட்டுப் போகாதீங்க, நம்ம டிவில அந்த ஊர் சிக்னலைப் பிடிச்சுப் பிரிக்கற ட்யூனர் இருக்காது. டிவி, ரேடியோவையெல்லாம் கவனிக்கற அந்த நாட்டு அரசு அமைப்பு எஃப்சிசி, அதோட வெப்சைட்ல டிடிவி மேப்னு ஒண்ணு இருக்கு, உங்க அட்ரஸைப் போட்டா எந்த ஸ்டேஷன் எந்தத் திசை, எவ்வளவு பலமா வரும்னு காட்டும். வாடகை வீடுன்னாலும் உங்களுக்கு மட்டுமே உள்ள பால்கனில ஆன்டெனா வைக்க 1999-லேயே எஃப்சிசி ரூல் வந்தாச்சு, அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல "கூடாது"ன்னு சொன்னா அந்த ரூலைக் காட்டுங்க. பொதுவான மொட்டை மாடிக்கு மட்டும் அது பொருந்தாது.

இனிமே விஷயத்துக்கு வரேன். நமக்கெல்லாம் மனசுல ஊறிப்போன ஒரு பழக்கம் இருக்கு. 1975-ல இங்க தூர்தர்ஷன் வந்ததுல இருந்து, படம் தெரியலையா, ஆன்டெனாவை இன்னும் ஒசத்து, அப்பவும் எறும்பு ஊருதா, பூஸ்டர் போடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் போடறப்ப அப்பா மொட்டை மாடில நின்னு கம்பியைத் திருப்புவார், நான் மாடிப்படில, தங்கச்சி டிவி முன்னாடி, "தெரியுதா... இப்போ? இப்போ?"ன்னு சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும். அந்தக் கணக்கு மனசுல இருந்ததால, ஹூஸ்டன்ல படம் கட்டம் கட்டமா ஒடைஞ்சப்ப, சத்தம் விட்டு விட்டு வந்தப்ப, சிக்னல் கம்மின்னுதான் எனக்குத் தோணிச்சு. கடைல போய் பூஸ்டர் வச்ச ஆன்டெனா வாங்கினேன். இருந்த சேனலும் போச்சு. அதைவிட ஸ்ட்ராங்கா இன்னொண்ணு வாங்கினேன், இன்னும் மோசம். டிவி மெனுல சிக்னல் ஸ்ட்ரெங்த் 100 காட்டுது, ஆனா குவாலிட்டி மட்டும் ஏறி எறங்குது, அதை நான் கவனிக்கவே இல்ல. அந்த நேரம் பாத்து கேபிள் கம்பெனி ஆள் ஒருத்தர் கதவைத் தட்டி, "உங்க ஏரியால சிக்னல் வீக் சார்"னு சொல்லி 24 மாசக் கான்ட்ராக்ட்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். நடுவுல நிறுத்தினா தனியா ஃபைன். மாசம் 90 டாலர், 24 மாசம், நீங்களே பெருக்கிப் பாருங்க. இப்ப நெனச்சாலும் எனக்குக் கோவம் வருது, ஏன்னா என் ஜன்னல்ல இருந்து பாத்தாலே டவர் விளக்கு செவப்பா மினுக்கிட்டு இருக்கும்!

ஹூஸ்டன் டிவி டவர் பலதும் அந்த மிசௌரி சிட்டி பக்கத்துலதான் நிக்குது. அதுல சீனியர் ரோட் டவர்னு ஒண்ணு, சுமார் 600 மீட்டர் ஒசரம், அதுல ஒரே எடத்துல பல எஃப்எம் ஸ்டேஷன். கணக்கு இப்படி. டவர்ல இருந்து 50 கிலோமீட்டர்ல இருக்கறவருக்கு வர்றதைவிட 5 கிலோமீட்டர்ல இருக்கற உங்களுக்கு ஏறக்குறைய 100 மடங்கு சிக்னல் வருது. அதுமேல 20 டெசிபல் பூஸ்டர் போட்டா இன்னொரு 100 மடங்கு, ஆக 10,000. ட்யூனர் பாவம் எங்க தாங்கும்? ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழ நின்னு பாருங்க, ஒரு வார்த்தை புரியாது, ரெண்டு தெரு தள்ளி வந்தா அதே பாட்டு தெளிவா கேக்கும். இதுவும் அப்படித்தான். அதிகமா சிக்னல் புகுந்தா ட்யூனரோ பூஸ்டரோ திணறி, காத்துல இல்லாத குப்பையெல்லாம் தானே உண்டாக்கி, நல்லா வர்ற சேனலையும் அதுல மூழ்கடிச்சிடும். பழைய அனலாக்ல இது படத்துல கோடா, நிழலா தெரியும், டிஜிட்டல்ல படம் கட்டம் கட்டமா ஒடையும், இல்லன்னா "நோ சிக்னல்"னு வரும். சிக்னல் கம்மியானாலும் அதேதான், அதிகமானாலும் அதேதான். ஆளை ஏமாத்தறது இதுதான்.

எஃப்எம் விஷயத்தைத் தனியா சொல்லணும், ஏன்னா ஹூஸ்டன்ல பாதிப் பிரச்சனை அதுதான். எஃப்எம் 88-ல இருந்து 108 மெகாஹெர்ட்ஸ். இப்படித் திணறும்போது ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு அலைவரிசைல ஒரு போலி சிக்னலை எழுப்பும். 100-ஐ ரெட்டிப்பாக்கினா 200, அது நேரா 11-ம் சேனல் மேல விழுது, அந்தச் சேனல் 198-ல இருந்து 204 வரைக்கும். ஹூஸ்டன்ல 8, 11, 13 மூணும் இந்த வரிசைலயேதான் ஒளிபரப்பாகுது, இதுக்கு விஹெச்எஃப்னு பேரு. ஆனா டிவில காட்டற நம்பரை எல்லாத்துக்கும் நம்பிடாதீங்க, 2-ம் நம்பர் சேனல் நெஜத்துல இதுக்கு மேல இருக்கற யூஹெச்எஃப் வரிசைல 35-ல வருது. அதனால 2 பளிச்சுனு தெரிஞ்சு 8, 11, 13 மட்டும் காணாம போச்சுன்னா எஃப்எம் மேல சந்தேகப்படுங்க.

எனக்கு இதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது எங்கப்பா. ஐசிஎஃப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், ஆறு மாசம் எங்ககூட இருக்க வந்திருந்தார். கேபிள் கான்ட்ராக்ட் முடிஞ்சு, நான் பழைய பூஸ்டரையே திரும்ப மாட்டி மல்லுக்கட்டிட்டு இருந்த நேரம். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி வீடு முழுக்க சுத்தி எரியற லைட்டையெல்லாம் அணைக்கறது அவர் வழக்கம். பூஸ்டர் அடாப்டர்ல குட்டியா ஒரு பச்சை விளக்கு, "எதுக்குடா இது சும்மா எரியுது"ன்னு பிடுங்கி வச்சுட்டார். மறுநாள் காலைல நான் எதேச்சையா டிவில ரீஸ்கேன், அதான் சேனலை மறுபடி தேடறது, போட்டா 8, 11, 13 எல்லாமே வருது! கரண்ட் இல்லாத பூஸ்டர் சிக்னலைப் பெரும்பாலும் தடுத்துடும், கொஞ்சம் மட்டும் கசியும், அந்தக் கசிவே டவர் பக்கத்துல தாராளம். அப்பாகிட்ட விளக்கிச் சொன்னேன். "நம்ம மொட்டை மாடில பட்ட பாட்டுக்கு இது நேர் எதிரா இருக்கேடா"ன்னு ரொம்ப நேரம் அதையே பேசிட்டு இருந்தார்.

ஆக நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். பூஸ்டரைக் கழட்டுங்க, பிளக்கைப் பிடுங்கினா மட்டும் போதாது, கம்பில இருந்தே எடுத்துடுங்க. சில தட்டை ஆன்டெனால பூஸ்டர் உள்ளயே இருக்கும், யூஎஸ்பி ஒயர் இருந்தா அதுதான், அதை மாத்திட்டுப் பூஸ்டர் இல்லாத சின்ன ஆன்டெனா வாங்குங்க. அப்பவும் ஒடையுதா, அட்டெனுவேட்டர்னு விரல் நுனி அளவு ஒரு சாமான், ஆன்டெனா ஒயருக்கும் டிவிக்கும் நடுவுல திருகி மாட்டணும். 10 டெசிபல்னா சிக்னல் பத்துல ஒரு பங்கு, 20 டெசிபல்னா நூத்துல ஒரு பங்கு. 0-ல இருந்து 20 வரைக்கும் திருகிக் கூட்டிக் கொறைக்கற மாதிரியும் கெடைக்குது, அதுதான் என் சிபாரிசு. 8, 11, 13 மட்டும் தகராறுன்னா எஃப்எம் சிக்னலை மட்டும் தடுக்கற எஃப்எம் டிராப் ஒண்ணு சேத்துக்கோங்க. ரெண்டு டிவி இருந்தா "பூஸ்டர் இல்லாம பிரிக்க முடியாது"ன்னு எவராவது சொல்வாங்க, கேக்காதீங்க, சாதாரண ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபல் கொறைக்கும், நமக்கு அது நல்லதுதான். ஆன்டெனாவை டவருக்கு நேரா காட்டாம கொஞ்சம் திருப்பியும் பாருங்க, பக்கத்துக் கட்டடத்துல பட்டு எதிரொலிக்கற சிக்னலாலயும் படம் ஒடையும், சில சமயம் ரெண்டு அடி நகத்தினாலே சரியாயிடும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் அப்புறம் ரீஸ்கேன் போடணும், இதை மறந்துட்டுதான் பாதிப் பேர் "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டுடறாங்க.

"எல்லாம் போன்லயே வருதே, எதுக்கு இந்தப் பாடு"ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல். எங்க தெருவுல நெட் போச்சு, கேபிள் போச்சு, கரண்ட் மட்டும் வந்து வந்து போச்சு. அந்த சின்ன ஆன்டெனாவுல வந்த லோக்கல் நியூஸ்தான் எந்த ரோடு மூழ்கிச்சு, எந்தப் பக்கம் வெளியேறச் சொல்றாங்கன்னு சொல்லிச்சு. 11-ம் சேனல் ஸ்டுடியோவுக்குள்ளயே தண்ணி புகுந்து ஒளிபரப்பு நின்னு, அப்புறம் அவங்க 8-ம் சேனல்காரங்க எடத்துல இருந்து தொடர்ந்தாங்க. 2015 டிசம்பர்ல நம்ம சென்னை வெள்ளத்தப்ப அப்பா அம்மாவுக்கு போன் போகாம நான் அங்க தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும். அதனால வீட்ல தானா நியூஸ் வர்ற ஒரு வழி இருக்கணும்னு பிடிவாதமா சொல்லுவேன்.

மாப்பிள்ளை கதைக்கு வரேன். ஆர்டரை நிறுத்தச் சொன்னேன், வீடியோ கால்லயே பூஸ்டரைக் கழட்ட வச்சேன், ரீஸ்கேன் ஓடற வரைக்கும் ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தோம். 8 வந்துச்சு, 13 வந்துச்சு, 11 மட்டும் ஒடைஞ்சு ஒடைஞ்சு வந்துச்சு. எஃப்எம் டிராப் வாங்கச் சொல்லியிருக்கேன், செவ்வாய்க்கிழமை வருதாம், மாட்டிட்டு கூப்பிடறேன்னார். பக்கத்துல இருந்த அப்பா போனை வாங்கி, "மாப்ள, அந்தப் பச்சை லைட் எரியற சாமானைத் தூரப் போட்டாச்சா?"ன்னு கேட்டுட்டுதான் தூங்கப் போனார்.