சித்திக்கு என்ன படம் சொல்லலாம்? வீட்டில் பார்க்கப் படம் பரிந்துரைக்கும் முறை

சனிக்கிழமை சாயங்காலமானால் குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "நல்ல படம் ஏதாவது சொல்லுங்கப்பா." பத்துப் பேர் பத்துப் பெயர் அனுப்புவார்கள். கேட்டவர் கடைசியில் ஏற்கெனவே பார்த்த படத்தையே மறுபடி போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

படம் சொல்வதை நான் பொறுப்பான வேலையாகவே நினைக்கிறேன். சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அலுவலகம் எல்லாம் போக மிஞ்சும் இரண்டரை மணி நேரத்தை ஒருவர் நம்மை நம்பித் தருகிறார். அதனால் நமக்குப் பிடித்த படத்தில் தொடங்கக் கூடாது, பார்க்கப்போகிற ஆளிடம் தொடங்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பெயர் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள்

யார் யார் சேர்ந்து பார்க்கப் போறீங்க? எத்தனை மணிக்குப் போடுவீங்க? கடைசியா எந்தப் படத்தை எழுந்து போகாம முழுசா பார்த்தீங்க, அதுல என்ன பிடிச்சது?

மூன்றாவது கேள்விதான் உயிர். "எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?" என்று கேட்டால் "குடும்பப் படம்", "த்ரில்லர்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாகப் பார்த்த படத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். பேசவிடுங்கள்.

மூன்று பேர் 'பாபநாசம்' (2015) பிடித்தது என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள், "போலீஸ் எவ்வளவு குடைஞ்சும் அந்தாளு எப்படித் தப்பிக்கிறான்னு பார்த்துட்டே இருந்தேன்" என்கிறார். அவருக்குப் பிடித்தது முடிச்சு. அவருக்குத் தயங்காமல் 'அந்த நாள்' (1954) சொல்வேன். எஸ். பாலசந்தர் இயக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பாட்டே இல்லை, சண்டையும் இல்லை. கறுப்பு வெள்ளை என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட முதல் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு அசைய மாட்டார்கள்.

இரண்டாவது ஆள், "பொண்ணுக்காக அந்த அப்பா எதையும் செய்வான், அதுதான் கண்ணு கலங்கிடுச்சு" என்கிறார். இவருக்கு 'மகாநதி' (1994) பொருந்தும், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. அந்த எச்சரிக்கையைப் படி 4-இல் சொல்கிறேன். மூன்றாவது ஆளுக்குப் பிடித்தது கமல் பேசிய நெல்லைத் தமிழ். அவருக்கு 'பரியேறும் பெருமாள்' (2018). மண் அதே மண், சொல்லும் விஷயம் வேறு. அதன் மையம் சாதி, லேசான படமில்லை என்பதையும் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பிடித்த படம் ஒன்றுதான், அடுத்த படம் மூன்று பேருக்கும் மூன்று. கேட்காமலே பதில் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்காவது தவறான படம் போயிருக்கும்.

படி 2: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

'பாபநாசம்' ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடும். சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்குப் போட்டால் பன்னிரண்டரை. மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்ச வேண்டிய அத்தைக்கு அதை வேலை நாளில் சொல்வது நியாயமில்லை. அவருக்கு ஒன்றரை மணி நேரப் படமோ, தொடரின் ஓர் அத்தியாயமோ போதும்.

மொபைல் டேட்டாவில் பார்ப்பவராக இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவின்படி எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும். சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை. தினசரி டேட்டா வரம்பு உள்ளவருக்குப் படம் பாதியில் நின்றுவிடும். வைஃபை இருக்கிற இடத்தில் முதலிலேயே டவுன்லோட் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

படி 3: பல வயதினர் சேர்ந்து உட்கார்ந்தால்

பாட்டி, அப்பா, கல்லூரி போகும் பையன், எட்டு வயதுக் குழந்தை என்று ஒரே சோபாவில் இருந்தால் தேர்வு சட்டென்று சுருங்கிவிடும். இந்த இடத்தில் நான் அடிக்கடி எடுப்பது ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சிக்குக் குழந்தையும் சிரிக்கும், பாட்டியும் சிரிப்பார். பாட்டிக்கு அந்தக் காட்சி மனப்பாடமாகவே இருக்கும்.

குழந்தைகளை முன்னிட்டுப் பார்ப்பதென்றால் 'காக்கா முட்டை' (2015). பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு சிறுவர்களின் கதை. அதில் நடித்த இருவருக்குமே தேசிய விருது கிடைத்தது. அது பிடித்துப்போன குழந்தைக்கு அடுத்த வாரம் ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) போடுங்கள். மஜித் மஜிதி இயக்கியது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். பாரசீக மொழி தெரியவேண்டியதில்லை. சப்டைட்டில் படிக்கத் தெரியாத குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துச் சொன்னால் போதும்.

வயது வகையையும் பாருங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி இந்தியாவில் ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தக் குறியீடு பாதி வேலையைத்தான் செய்யும். நீங்கள் பார்க்காத படத்தைக் குழந்தைக்குச் சொல்லவே சொல்லாதீர்கள்.

படி 4: வலிக்கும் இடத்தை முன்பே சொல்லுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 'மகாநதி'யில் ஒரு தகப்பன் தன் குழந்தைகளைப் பிரிந்து, மகளைத் தேடிப் போகும் பகுதி பெற்றோர் நெஞ்சை அறுத்துவிடும். 'பரியேறும் பெருமாள்' தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குக் கொடுமை நடக்கிறது. வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு அது தாங்காது. அண்மையில் வீட்டில் சாவு நடந்திருந்தால், மருத்துவமனையில் யாராவது இருந்தால், கடன் கழுத்தை நெரித்தால், அதே விஷயத்தைத் தொடும் படத்தைத் தள்ளி வையுங்கள்.

கதையைச் சொல்லவேண்டியதில்லை. "பிள்ளைங்க சம்பந்தமா மனசு கனக்குற பகுதி இருக்கு சித்தி, இன்னைக்கு வேண்டாம்னா இன்னொரு நாள் பாருங்க" என்றால் போதும். முடிவை அவரிடமே விடுங்கள்.

படி 5: கிடைக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்

போன வருடம் நீங்கள் பார்த்த தளத்தில் அந்தப் படம் இப்போது இல்லாமல் இருக்கலாம். உரிமக் காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். ஆகவே சொல்லும் நாளிலேயே தேடிப் பார்த்து, தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் எந்தச் சந்தா இருக்கிறது என்றும் கேளுங்கள். பழைய படங்களில் பல, தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த யூடியூப் சேனல்களில் இருக்கின்றன. யாரோ ஏற்றிய பிரதியில் படம் வெட்டுப்பட்டிருக்கும், சத்தமும் சரியாக இருக்காது. பெரியவர்களுக்கு வேற்றுமொழிப் படம் என்றால் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று போனிலேயே காட்டிவிடுங்கள்.

படி 6: ஒரே ஒரு படம், மூன்று வரி

பட்டியல் அனுப்பாதீர்கள். பத்துப் பெயர் வந்தால் தேர்ந்தெடுக்கும் பாரம் மறுபடி கேட்டவர் தலையிலேயே விழும். "மாஸ்டர்பீஸ்", "வேற லெவல்" போன்ற சொற்களும் வேண்டாம். எதிர்பார்ப்பு ஏறினால் நல்ல படமும் சுமாராகத் தெரியும். வீடு கட்டத் தொடங்கியிருக்கும் மாமாவுக்கு இப்படி எழுதலாம்:

"மாமா, பாலு மகேந்திராவோட 'வீடு' பாருங்க, 1988ல வந்தது. ஒரு பொண்ணு சொந்தமா வீடு கட்டப் படுற பாடுதான் கதை, பாட்டு கிடையாது. மெதுவாப் போகும், அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் அத்தையோட உக்காந்து பாருங்க."

என்ன கதை, எப்படிப் போகும், எப்போது பார்க்கலாம். அவ்வளவுதான். 'மெதுவாகப் போகும்' என்பதை மறைக்காதீர்கள். அது தெரிந்தே உட்காருபவர் பொறுமையாகப் பார்ப்பார்.

படி 7: தொடர் என்றால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்

தொடர் கேட்பவருக்கு எத்தனை அத்தியாயம் என்பது முதலில் தெரிய வேண்டும். 'விலங்கு' (2022) 7 அத்தியாயம், 'சுழல்' முதல் பருவம் (2022) 8. இரண்டும் குற்ற விசாரணைக் கதைகள், பெரியவர்களுக்கு மட்டும். சிறியதாகத் தொடங்க விரும்புபவருக்கு அணு உலை விபத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடர் 'செர்னோபில்' (2019) இருக்கிறது. 5 அத்தியாயத்தில் முடிந்துவிடும். "இரண்டு அத்தியாயம் பாருங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க" என்றும் சொல்லுங்கள். அந்த அனுமதி கிடைத்தால் மனிதர்கள் நிம்மதியாகத் தொடங்குவார்கள். அடுத்த அத்தியாயம் தானாக ஓடுவதை நெட்ஃபிளிக்ஸில் நிறுத்தி வைக்கலாம். இரவில் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

படி 8: மறுநாள் கேளுங்கள்

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சு" என்பார்கள். "எந்த இடத்துல போனை எடுத்தீங்க?" என்று கேளுங்கள். உண்மை அதில் வரும். பாதியில் நிறுத்தியிருந்தால் வருத்தப்படாமல் எந்த இடத்தில் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். போனிலேயே ஆளுக்கொரு குறிப்பு போதும்: சித்தி, 'அந்த நாள்', கடைசி வரை பார்த்தார், பாட்டு இல்லாதது தெரியவே இல்லை என்றார். மாமா, 'வீடு', இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை குழுவில் கேள்வி வரும்போது அந்தக் குறிப்பைத் திறந்துவிட்டுப் பதில் எழுதத் தொடங்குங்கள்.