கணினி மெதுவாக ஓடுகிறதா? ராம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் மாமா போன வாரம் கூப்பிட்டார். "மக்களே, கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது. ராம் கூட்டச் சொல்கிறார்கள், வாங்கிவிடட்டுமா?"

"பத்து நிமிடம் பொறுங்கள் மாமா, வந்து பார்க்கிறேன்" என்றேன்.

ராம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், அதாவது மெமரி. கடையில் சொன்னால், தராசுக்குப் பக்கத்தில் ஷீட்டைப் பரப்பி வைக்கும் மேசை. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க், பின்கட்டில் இருக்கும் குடோன். மேசை நிரம்பிவிட்டால் எதற்கெடுத்தாலும் குடோனுக்கு நடக்க வேண்டும். ராம் நிரம்பிய கணினியும் அப்படித்தான் டிஸ்குக்கும் ராமுக்கும் அலைகிறது.

படி 1: கணினி திணறும் நேரத்திலேயே பாருங்கள். அன்றாடம் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்.

படி 2: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. மாமாவின் திரையில் 3.5/3.9 ஜிபி, 90% என்று இருந்தது. ஒரு நொடி ஏறி இறங்கினால் கவலை வேண்டாம். 60, 70% என்பதும் நோயல்ல. எந்நேரமும் 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: புராசஸஸ் பக்கத்தில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். மாமாவுக்கு குரோம், இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள், பாதி ரப்பர் விலை. மூடியதும் 65 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனாலும் எக்செல் திறக்க ஒரு நிமிடம் ஆனது!

படி 4: அதே பக்கத்தில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். மாமாவுக்கு 100 சதவீதத்திலேயே நின்றது. உள்ளே இருந்தது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். மெமரி சதவீதம் இறங்கிய பிறகும் டிஸ்க் இப்படி நின்றால், ராம் கூட்டியும் பெரிய பயன் இருக்காது; சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி மாற்றுவதே வழி. மாமாவிடம் இருக்கும் 4 ஜிபி ராம் இன்றைக்குக் குறைவுதான். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன்.

தேவையற்றதை மூடியும் மெமரி இறங்கவில்லையா? அப்போது ராம் வாங்கலாம். மெமரி பக்கத்தின் கீழே ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியது என்று இருக்கும். ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது, செருகும் விளிம்பில் உள்ள காடியே வேறு இடத்தில் இருக்கும். விண்டோஸ் 32 பிட் என்ற பழைய வகை என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் வீண். சில லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்ற வழியில்லை.

மாமா மறுநாள் எஸ்எஸ்டி வாங்க நாகர்கோவில் பஸ் ஏறினார். குரோமில் மறுபடியும் பதினைந்து பக்கம் திறந்திருந்தது.