ஒரு குழாய், ஒரு டிரம், ஒரு மழை: மாடித் தண்ணீரைச் சமையலறைக்குக் கொண்டுவருவது எப்படி

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், போர் தண்ணீர்தான். குழாய் நுனியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், பக்கெட் உள்ளே வட்டம் வட்டமாகப் படிந்திருக்கும், குக்கரில் ஆறு விசில் விட்டாலும் துவரம்பருப்பு விழித்துக்கொண்டே கிடக்கும். ஒரு ஐப்பசியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அம்மா மாடிக்குழாய்க்கு அடியில் குடத்தை வைத்துப் பிடித்த தண்ணீரில் சமைத்துவிட்டார். மூன்று விசிலில் பருப்பு குழைந்துபோயிருந்தது. டீயின் மேல் ஒரு படலம் மிதக்குமே, அதுவும் இல்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் உள்ளே இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் அது வேக மாட்டேன் என்கிறது. அதே கால்சியம் சோப்போடு சேர்ந்தால் நுரை வராமல் திட்டுத்திட்டாக ஒட்டும். மழைத்தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை என்றே சொல்லலாம். அவ்வளவுதான் ரகசியம்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி ஒரு குழிக்குள் போய்க்கொண்டிருக்கும், அந்தக் குழியை யார் கடைசியாகத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. அது நிலத்துக்கான பங்கு, அதில் கை வைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் குழிக்குப் போகிற வழியில் ஒரு டிரம்மை நிறுத்துவதுதான் நாம் செய்யப்போவது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். தளம் உறிஞ்சுவது, வழிவது, ஆவியாவது எல்லாம் கழித்து 85 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,10,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது லோடு! 2015-ல் வெள்ளத்தில் மிதந்த ஊருக்கு 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சரி, ஒன்பது லோடையும் பிடிக்க நமக்கு இடமில்லை. மாடியில் நான்கு மூலையிலும் குழாய் இருந்தால் ஒரு குழாய்க்கு வருவது கால்வாசி, அதாவது 23 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 195 லிட்டர் மாதிரி. ஒரு சுமாரான மழைக்கு ஒரு குழாயில் ஒரு டிரம் நிறையும். ஆரம்பிக்கிறவருக்கு இது போதும். முதல் வருஷமே 5,000 லிட்டர் டேங்க் என்று போகாதீர்கள், பிடித்த தண்ணீரைச் செலவழிக்கிற பழக்கம் வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

டிரம் வாங்குவது

200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம். வெளிச்சம் ஊடுருவாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே பாசி பிடிக்கும். செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும், ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். நான் மலிவாக இருக்கிறதே என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சோப்பு போட்டுக் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்தும் அந்த மருந்து வாடை போகவில்லை. கடைசியில் அது கட்டடவேலைத் தண்ணீருக்குத்தான் ஆனது. உணவுப்பொருள் வந்த டிரம்மாகப் பாருங்கள், மூடியைத் திறந்ததும் ஊறுகாய் வாடையோ ஜூஸ் வாடையோ அடித்தால் சந்தோஷமாக வாங்கலாம்.

கூடவே வாங்க வேண்டியவை: திருகித் திறக்கிற முக்கால் இஞ்ச் குழாய் ஒன்று, அதை டிரம்மோடு இணைக்கும் டேங்க் நிப்பிள், டெஃப்லான் டேப், 4 இஞ்ச் பிவிசி பைப் கொஞ்சம், எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு) இரண்டு, கொசுவலைத் துணி. பழைய வேட்டி வீட்டிலேயே இருக்கும்.

மேடை

தண்ணீர் நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல். அதை மண்ணின் மேலோ ஆடும் ஸ்டூலின் மேலோ வைக்கக் கூடாது. தரையைச் சமப்படுத்தி ஹாலோ பிளாக் அடுக்குங்கள், ஒரு வரிசைக்கு ஆறு. ஒரு வரிசை 8 இஞ்ச் உயரம்தான் வரும், நான் முதலில் அதோடு நிறுத்திவிட்டேன். அப்புறம் பார்த்தால் குழாய்க்கு அடியில் குடம் நுழையவில்லை, ஒரு மழைக்காலம் முழுக்கச் செம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு வரிசை வையுங்கள், மேல் வரிசையைக் கீழ் வரிசைக்குக் குறுக்காக.

டிரம்மின் அடியிலிருந்து நான்கு இஞ்ச் மேலே ஓட்டை போட்டு நிப்பிளை மாட்டுங்கள். அடியிலேயே போட்டால் படிகிற வண்டல் குழாய் வழியாகக் குடத்துக்கு வந்துவிடும். ஓட்டை போட எலக்ட்ரீஷியன் யாராவது தெரிந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. வாஷரை உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று போட்டு இறுக்குங்கள்.

மாடியும் முதல் தண்ணீரும்

புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். புறா எச்சம், வேப்பிலை, போன கோடையில் வடாம் காயவைத்த பிளாஸ்டிக் ஷீட்டின் துணுக்குகள் எல்லாம் போகட்டும். குழாய் வாயில் ஜல்லடை மூடி இல்லையென்றால் ஒன்று போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, துருப்பிடித்த தகரம், புதிதாக வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்த தளம் என்றால் அந்தத் தண்ணீர் செடிக்கும் வாசல் கழுவவும் மட்டும்தான்.

எவ்வளவு பெருக்கினாலும் முதலில் இறங்கும் தண்ணீர் அழுக்குதான். முதல் 1 மில்லிமீட்டரையாவது வெளியே விட வேண்டும், நம் கால்வாசி மாடிக்கு அது 23 லிட்டர். தானாக நடக்கிற ஏற்பாடும் உண்டு. இறங்கும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, நேர்க்கால் கீழே மூடிய பைப்புக்குப் போகும், அது நிறைந்த பிறகுதான் பக்கக்கால் வழியாக டிரம்முக்குத் தண்ணீர் திரும்பும். 4 இஞ்ச் பைப் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும், ஆக 3 மீட்டர் பைப் வேண்டும், மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் அடுத்த மழைக்குள் வடிந்து காலியாகிவிடும். பிளம்பரிடம் சொன்னால் செய்துகொடுப்பார்.

நான் வைத்திருப்பது இன்னும் எளிது. இறங்கும் பைப்பை டிரம்முக்கு மேலே வெட்டி, நுனியில் ஒரு எல்போவைப் பேஸ்ட் போடாமல் சும்மா சொருகியிருக்கிறேன், கையால் திருப்பலாம். மழை ஆரம்பித்ததும் அது வெளிப்பக்கம் பார்க்கும், நல்ல மழையாக இருந்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்து, தெளிவாக இருந்தால் டிரம் பக்கம் திருப்பிவிடுவேன். குடையைப் பிடித்துக்கொண்டு போய் இதைத் திருப்புவதற்கு வீட்டில் போட்டி நடக்கும். தீபாவளிக்கு அடுத்து வருகிற முதல் மழையை மட்டும் முழுசாக வெளியே விட்டுவிடுவோம், மாடியெல்லாம் பட்டாசு மருந்து.

வடிகட்டுவது, மூடுவது, வழியவிடுவது

ஜல்லி, கரி, மணல் என்று பக்கெட்டில் அடுக்கி வடிகட்டி செய்யச் சொல்வார்கள். நானும் செய்தேன். தூறலுக்கு நன்றாக வேலை செய்தது, அடைமழைக்கு மணல் வழிவிடாமல் தண்ணீர் மேலேயே வழிந்து ஓடியது. இந்த அளவு டிரம்முக்கு வாயில் வேட்டியை இரண்டு மடிப்பாக, நடுவில் கொஞ்சம் தொய்வாகக் கட்டினாலே போதும் என்பது என் முடிவு. நம் ஊர்களில் நான்கு கம்புகளில் வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, அடியில் அண்டா வைத்து மழை பிடித்தவர்கள்தானே நாம்.

கொசு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போகாது, இந்த மாதிரி நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மழை நின்றதும் ஈர வேட்டியை எடுத்துவிட்டு, கொசுவலையை இழுத்துக் கயிற்றால் கட்டி, மேலே மூடியும் போட வேண்டும்.

டிரம்மின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டு, நிறைந்த தண்ணீர் ஒரு பைப் வழியாகப் பழைய சேகரிப்புக் குழிக்கே போகும்படி விடுங்கள், அதன் வாயிலும் கொசுவலை. இதை மறந்தால் ராத்திரி மழையில் டிரம் வழிந்து சுவரோரம் தேங்கும், எங்களுக்கு மோட்டார் ரூம் வரை போனது.

இனி செலவழிக்கலாம்

குடிக்க என்றால் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான், இதில் பேச்சே இல்லை. சமையலுக்கு எப்படியும் கொதிக்கும். பிடித்த தண்ணீரை ஒரு நாள் அப்படியே தெளியவிட்டு, காலையில் ஃபில்டரில் டிகாக்ஷன் போட்டுப் பாருங்கள். தலைக்குக் குளித்தால் பாதி சீயக்காய் போதும், அலசினால் முடி சிக்கில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும். சேர்த்து வைத்து அழகு பார்க்காமல் அடுத்த மழைக்கு முன் காலி செய்யுங்கள். நிறைந்த டிரம்மில் புது மழைக்கு இடமில்லை.

மார்கழி பாதியில் எங்கள் டிரம் வற்ற ஆரம்பிக்கும். பொங்கலுக்கு முன் வண்டலைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிடுவோம். கடைசி இரண்டு குடத்தை மட்டும் அம்மா பொங்கலன்று தலைக்குக் குளிக்க என்று முன்கூட்டியே எடுத்து மூடி வைத்துவிடுவார், அதில் யாரும் கை வைக்க முடியாது.