அண்டைச் சாதனப் பட்டியலை எப்படித் தவறாகப் படிக்கிறோம்

கணினி வலையமைப்பில் சாதனங்களை இணைக்கும் ஸ்விட்சின் ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், என்ன மாட்டியிருக்கிறது என்று அறிய, கேபிளைப் பிடித்துக்கொண்டு ரேக் ரேக்காக அலைய வேண்டியதில்லை. சாதனங்களே தம் பெயரையும் போர்ட்டையும் கேபிளில் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. சிஸ்கோ நிறுவனத்தின் அறிவிப்பு முறையான சிடிபி (CDP) வழக்கமாக 60 நொடிக்கு ஒருமுறை அறிவிக்கும். எல்லா நிறுவனச் சாதனங்களுக்கும் பொதுவாக, தர நிர்ணய அமைப்பான ஐஇஇஇ 2005இல் தரப்படுத்திய எல்எல்டிபி (LLDP), 30 நொடிக்கு ஒருமுறை. காதில் விழுந்ததை ஸ்விட்ச் அண்டைச் சாதனப் பட்டியலாக வைத்துக்கொள்கிறது. அந்தப் போர்ட்டில் அந்தக் குரல் கேட்டது என்பதைத் தவிர, பட்டியல் வேறெதையும் உறுதி சொல்வதில்லை.

இதை மறப்பதால்தான் பெரிய தவறு நேர்கிறது: பட்டியலில் உள்ள சாதனம் நேராக இணைந்திருப்பதாக நம்பிவிடுகிறோம். நடுவே ஒரு மலிவான ஸ்விட்ச் இருந்தால், அதற்குச் சிடிபி புரியாது. பலருக்கும் பொதுவாக அனுப்பிய ஏதோ ஒரு தகவல் (மல்டிகாஸ்ட்) என்று எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். தானோ எதையும் அறிவிக்காது. எனவே பட்டியலில் வராது. நாம் வரைபடத்தில் நேர்க்கோடு போடுவோம், பழுதோ அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் இருக்கும். ஒரே போர்ட்டில் இரண்டு மூன்று ஸ்விட்சுகளின் பெயர் வந்தால், கட்டாயம் நேரில் போய்ப் பாருங்கள்.

பட்டியல் காலியாக இருந்தால் எதிரே ஒன்றுமில்லை என்பதும் தவறு. பல சிஸ்கோ ஸ்விட்சுகளில் எல்எல்டிபியை நாமாக இயக்க வேண்டும். பழைய தகவலும் ஏமாற்றும்: அண்டைச் சாதனம் மௌனமான பிறகும் அதன் பெயர் சிடிபியில் 180 நொடி, எல்எல்டிபியில் 120 நொடி வரை நிற்கலாம். கேபிளை மாற்றியவுடன் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

சாதன வகையைக் குறிக்கும் எழுத்துகளில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். சிஸ்கோ திரையில், சிடிபி பட்டியலின் ‘எஸ்’ (S) ஸ்விட்ச், ‘பி’ (P) போன். எல்எல்டிபி பட்டியலில் போனுக்கு ‘டி’ (T). அங்கே ‘எஸ்’ என்றால் ஸ்டேஷன், அதாவது கணினி போன்ற முனைச் சாதனம்.

2020இல் சிடிபியைக் கையாளும் சிஸ்கோ மென்பொருளில் ஐந்து பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானதும், பலர் அஞ்சி எல்லாவற்றையும் அணைக்க நினைத்தார்கள். அச்சம் நியாயமானது; இந்த அறிவிப்புகளில் சாதனத்தின் மாடலும் மென்பொருள் பதிப்பும்கூட மறைப்பின்றிப் போகின்றன. இணையச் சேவை தரும் நிறுவனத்தை நோக்கிய போர்ட்டிலும், வெளியாட்கள் தொடக்கூடிய போர்ட்டிலும் அணைத்தே ஆக வேண்டும். ஆனால் ஐபி போன் (வலையமைப்பு வழியே பேசும் போன்) உள்ள போர்ட்டில் யோசிக்காமல் அணைத்தால், பல போன்கள் தமக்குரிய குரல் விலானை (போன்களுக்கென ஸ்விட்சில் பிரித்த தனி வலையமைப்பை) அறியாமல் கணினிகளின் விலானிலேயே போய் நிற்கும்.