கிரைண்டரை எடுக்கும் முன் கதவை மூடிப் பாருங்கள்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பாடி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அன்றாட வேலை என்றால் பொலிரோ, ஸ்விஃப்ட், எங்காவது இடித்துக்கொண்டு வரும் டெம்போ. ஆனால் பெங்களூர் இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். பழைய கார் மேல் உயிரையே வைத்திருக்கும் சிலர் அங்கிருந்து வண்டியை ஏற்றி அனுப்புகிறார்கள். அப்படி வந்தவைதான் எம்.ஜி.பி., ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த கார்கள். வருகிறவர்கள் கையில் படம் இருக்கும். சக்கர வளைவை அகலப்படுத்த வேண்டும், ரப்பர் பம்பரை எடுத்துவிட்டு குரோம் பம்பர் மாட்ட வேண்டும், இணைப்புக் கோடு தெரியாமல் வழவழவென்று ஆக்க வேண்டும் என்பார்கள். ஆசை நியாயமானது. அந்த ஆசையோடு வண்டியைக் கெடுத்துவிட்டு, பாதியில் எங்களிடம் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனது கஷ்டப்படுகிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் கதவைத் திறந்து மூடுவார். அப்புறம் கதவைச் சுற்றியுள்ள இடுக்கில் விரலை ஓட்டுவார். "தம்பி, வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரிடா இது. வண்டிக்கு உள்ள என்ன சீக்குன்னு கதவு சொல்லிடும்" என்பார். எம்.ஜி.பி. மாதிரி வண்டிக்கு இந்த வார்த்தை அப்படியே பொருந்தும்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. எம்.ஜி.பி. 1962-ல் வந்தது, 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. அதற்குத் தனிச் சேஸ் கிடையாது. பாடியே சேஸ். பொலிரோவில் தகரத்தை எங்கே வெட்டினாலும் கீழே சேஸ் தாங்கிக்கொள்ளும். இதில் அப்படி இல்லை. மேலே கூரையும் இல்லாததால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும் தரையின் நடுவே மேடாக ஓடும் டனலும்தான். அந்த ரன்னிங் போர்டு வெறும் மூடி அல்ல. வெளித் தகடு, உள் தகடு, இரண்டுக்கும் இடையே ஒரு நடுத் தகடு, அடியில் ஒரு வலுவான பட்டை என்று நான்கும் சேர்ந்த பெட்டி அது. வெளித் தகட்டில் சின்னத் துரு தெரிகிறது என்றால், நடுத் தகடு பெரும்பாலும் ஏற்கெனவே பொடியாகியிருக்கும்.

இதனால் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: அழகு வேலையை முதலில் தொடங்குவது. வளைவை அகலமாக்கி, பெயிண்ட்டும் அடித்துவிட்டு, பிறகு ரன்னிங் போர்டைப் பிரித்தால் பாடி மொத்தமும் அசையும். புதிதாகச் செய்த வளைவு கதவோடு ஒட்டாமல் நிற்கும். ஆகவே எலும்பு முதலில், தோல் அப்புறம்.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், முன்னும் பின்னும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தியிருந்த ஒரு வண்டியில் இரண்டு பக்க ரன்னிங் போர்டையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். குறுக்குக் கம்பி எதுவும் கொடுக்கவில்லை. நடுப்பகுதி தொய்ந்தது, கதவு வாயின் மேல்பகுதி நெருங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. புதுத் தகடு வைத்து முழுக்க வெல்டு அடித்து முடித்த பிறகு கதவை மாட்டினால், மேலே உரசுகிறது, கீழே விரல் நுழைகிறது. எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. நஷ்டம் என்னுடையது. ஆனால் அந்தத் தகட்டில் இரண்டாவது முறை வெல்டு விழுந்தது அந்தக் காருக்கு ஆன காயம்.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். தரை சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் எடை சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் விழும்படி ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். கதவு மாட்டியிருக்கும்போதே சுற்றியுள்ள இடுக்கை மேல், நடு, கீழ் என்று அளந்து சாக்பீஸால் கதவின் மேலேயே எழுதிவிட வேண்டும். கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு விழும் தூண் வரை ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்கே வைத்து வெல்டு அடிக்க வேண்டும். கதவைக் கழற்றாமலே மூடிப் பார்க்கும்படி குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பது நல்லது. ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். புதுத் தகட்டை அங்கங்கே பொட்டு வைத்தது போல டாக் அடித்து நிறுத்தி, கதவை மூடி, சாக்பீஸ் எண்ணோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டு.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் "எங்களுக்குத் தனிச் சேஸ் இருக்கிறதே" என்பார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் 1961 முதல் சென்னையில் தயாரானது. அதில் பழகிய கைகளும் இங்கேதான் வழுக்குகின்றன. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் அமைப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் ஹெரால்டு சேஸில் பாடியின் ஓரத்தைத் தாங்கும் பக்கச் சட்டங்கள் உண்டு, ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டு அந்த வேலையை ரன்னிங் போர்டின் தலையில் வைத்துவிட்டார்கள். ஹெரால்டு என்று நினைத்து ஸ்பிட்ஃபயரின் ரன்னிங் போர்டை வெட்டினால் பாடி கோணிவிடும்.

சக்கர வளைவு

எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது திறந்த கார், ஒல்லியான டயரோடு வந்த வண்டி. 185 மில்லிமீட்டர் அகலம் வரை பெரும்பாலும் வளைவைத் தொடாமலே போடலாம். அதற்கு மேல் போக நினைப்பவர்கள்தான் வளைவில் கைவைக்கிறார்கள்.

பின் வளைவில் வெளித் தகடும் உள் தகடும் விளிம்பில் ஒன்றாக மடிந்து ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்திருக்கும். விளிம்பை வெட்டி வெளித் தகட்டை மட்டும் இழுத்துவிட்டால், உள் தகடு தனியே அந்தரத்தில் நிற்கும். வலு போயிற்று. அதோடு சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் நேராக ரன்னிங் போர்டின் பின்முனைக்குள் போய் உட்காரும். பாலக்கோடு பக்கம் ஒரு மழைக்காலம் ஓடினால் போதும், அந்த மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்தே தின்றுவிடும். உள் தகட்டையும் சிறு சிறு வெட்டுகளாக அறுத்து, வெளியே வளைத்து, புது விளிம்போடு மறுபடி சேர்த்தே ஆக வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். இதைச் செய்யாத அகல வளைவை நான் பெயிண்ட்டுக்கு அனுப்புவதில்லை.

டயர் இடிக்கிறதா என்று வண்டி நின்றபடியே பார்ப்பது இன்னொரு பிழை. எம்.ஜி.பி.யின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். சாலை வளைவில் திரும்பும்போது ஆக்ஸில் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இரண்டு பேரும் பையும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பட்டறையிலேயே பார்த்துவிட வேண்டும். ஜாக்கியால் ஆக்ஸிலை மேல்தடுப்பு ரப்பர் வரை தூக்கிப் பாருங்கள். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அந்த நிலையிலும் டயருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் அகலமாவது இருக்க வேண்டும்.

தகடு ஏறக்குறைய 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம்தான். ஒரே இழுப்பாக வெல்டு ஓட்டினால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்முனையில், கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு அடுத்தது. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது.

முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. அதன் இணைப்புக் கோட்டைப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடி வழவழப்பாக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பாடி அசையும்போது போல்ட்டு போட்ட தகடும் தனியே அசையும், பட்டி விரியும், ஒரு கோடைகூடத் தாங்காது. இணைப்பு தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. அந்த ஃபெண்டருக்குள் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மண் தடுப்புத் தகடும் ரப்பரும் இருக்கும். அகலமாக்கும் சாக்கில் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கதவுத் தூணின் அடி அழுகுவதற்கு அதுவே போதும்.

பம்பர்

1974-ன் கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக எம்.ஜி.பி.க்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அதைக் குரோமுக்கு மாற்றுவது நான்கு போல்ட்டு வேலை என்று நினைத்து வருகிறார்கள். பழைய குரோம் வண்டியில் இண்டிகேட்டர் ஃபெண்டரில் இருக்கும், ரப்பர் வண்டியில் பம்பரிலேயே இருக்கும். ஆகவே ஃபெண்டர், கிரில், அடி முகப்புத் தகடு, பின் மூலைகள் எல்லாமே மாற வேண்டும். பம்பர் தாங்கும் சட்ட முனைகளையும் வெட்ட வேண்டும். எல்லாப் பொருளும் கைக்கு வந்து, மாட்டிப் பார்த்த பிறகுதான் முதல் வெட்டு. பாதி வெட்டிவிட்டுப் பார்சலுக்காகக் காத்திருந்து, அதற்குள் மழையில் முகம் முழுக்கத் துருப்பிடித்த ஒரு வண்டியை ஓசூரிலிருந்து வாங்கி வந்தோம்.

பழைய பாடியே மீட்க முடியாத நிலை என்றால், இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் பழைய அச்சுகளிலேயே எம்.ஜி.பி. பாடி செய்கிறது. விலையும் கப்பல் கூலியும் அதிகம். இருந்தாலும் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பட்டியும் தண்ணீரும்

பட்டி என்பது கீறலை நிரப்ப. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தகடு இன்னும் சரியாகவில்லை என்று பொருள், சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) எடுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் சுத்தமான தகட்டுக்கு முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி என்பதே எங்கள் வழக்கம். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் பட்டி வைத்தால் பிடிக்காது, உரியும். பழைய பிரிட்டிஷ் பாடிகளின் இணைப்புகளில் ஈயம் பூசியிருப்பார்கள். அதைக் கிரைண்டர் போட்டுத் தூளாக்காதீர்கள், அந்தத் தூசி விஷம். சூடு காட்டி உருக்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு துடைத்து எடுங்கள்.

அடுத்தது நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. தருமபுரி, கிருஷ்ணகிரி போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரில் உப்பும் அதிகம். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே காயவிட்டால், வெள்ளைப் படிவாக உப்பு தகட்டிலும் பிரைமரிலும் நின்றுவிடும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால், உப்பு பெயிண்ட்டைத் தாண்டி ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார்கள், பெயிண்டரைத் திட்டுவார்கள். நாங்கள் தேய்ப்பதற்கும் கடைசியாகக் கழுவுவதற்கும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே வைத்துக்கொள்கிறோம். வெறும் தகட்டில் தண்ணீரே படவிடுவதில்லை.

வேலை முடிந்ததும் ரன்னிங் போர்டின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள் சீலரில் அடைபட்டிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். உள்ளே மெழுகு அடியுங்கள். இதற்கு அரை நாள் போதும்.

ஆவணம்

இதைக் கடைசியில் யோசிப்பதுதான் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2021-ல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த கார்களை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழுதடைந்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது ஒன்று, வடிவத்தையே மாற்றுவது வேறு. ஆகவே என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பானட்டுக்குள் இருக்கும் சேஸ் எண் தகடு கழன்றோ பெயிண்ட்டில் மறைந்தோ போகாமல், வேலை தொடங்கும் முன்பே படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

வெட்டி எடுத்த அசல் துண்டுகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அவைதான் வடிவத்துக்கு அச்சு. நாளைக்கு உங்கள் மகளோ, வண்டியை வாங்குகிறவரோ பழையபடி ஆக்க நினைத்தால் அளவெடுக்க வேறு எதுவும் இருக்காது. எங்கள் பட்டறைப் பரணில் ஒரு வெள்ளை எம்.ஜி.பி.யின் பின் வளைவுகள் இரண்டும் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, தேதி எழுதி வைத்திருக்கின்றன. மழைக்கு முன் ஒவ்வொரு வருஷமும் இறக்கிப் பார்த்து, மறுபடி கிரீஸ் தடவி ஏற்றிவைக்கிறோம்.