டீசல் காரின் துணை ஹீட்டர் பற்றவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

டீசல் எஞ்சின் சூட்டை அதிகம் வீணாக்காது. எரிபொருள் செலவுக்கு அது நல்லது, குளிருக்கு நல்லதல்ல. நார்வேயிலோ ஜெர்மனியிலோ மைனஸ் 10 டிகிரி காலையில் வண்டி எடுத்தால், வெகுதூரம் ஓடிய பிறகும் உள்ளே கால் விறைத்தபடியே இருக்கும். இதற்காகவே பல கார்களில் டீசலை எரித்துக் கூலன்டை (எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவத்தை) சூடாக்கும் சின்ன அடுப்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் அது வெபாஸ்டோ அல்லது எபர்ஸ்பெக்கர் தயாரிப்பு. இங்கே சொல்வது வெபாஸ்டோ தெர்மோ டாப் வகையை வைத்து. எபர்ஸ்பெக்கர் ஹைட்ரானிக்கும் வேலை செய்யும் விதத்தில் இதற்கு நெருங்கிய உறவுதான். உங்கள் காரில் ஹீட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன சைலன்சர் குழாய் இல்லாவிட்டால், இருப்பது மின்சார ஹீட்டராக இருக்கலாம். அதில் பார்க்க வேண்டியவை பியூஸ், ரிலே, ஒயர் முனை, சூடாகும் தகடு ஆகியவைதான்.

கழற்றுவதற்கு முன், கெட்டிருப்பது ஹீட்டர்தானா என்று உறுதி செய்யுங்கள். கம்பெனியிலேயே பொருத்தி வரும் துணை ஹீட்டர், எஞ்சின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். வெளியே குளிர் இருக்க வேண்டும் (ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் சுமார் 5 டிகிரிக்குக் கீழே), கூலன்டும் ஆறியிருக்க வேண்டும். டேங்க் ரிசர்வில் இருந்தாலோ பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருந்தாலோ பற்றாது. பம்பர் பக்கம் இருக்கும் வெளிவெப்ப சென்சார் பொய் சொல்வதும் உண்டு. உறைபனியில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு 12 டிகிரி என்று காட்டினால் ஹீட்டர் மேல் குற்றமில்லை, சென்சாரை மாற்றுங்கள்.

அடுத்து, ஹீட்டர் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். முதலில் காற்று விசிறி சுழலும். தீயை மூட்டும் குளோ பின் அரை நிமிடம் போலச் சூடேறும். அதன் பிறகுதான் டீசல் பம்ப் 'டிக்… டிக்…' என்று தட்டத் தொடங்கும். தீ பிடித்ததும் விசிறி வேகமெடுத்து, தூரத்தில் விமானம் போவது போல ஓர் இரைச்சல் வரும். பற்றாவிட்டால் இன்னொரு முறை முயன்று பார்த்து அணைந்துவிடும். இப்படித் தொடர்ந்து தோற்றால் கன்ட்ரோல் யூனிட் தன்னையே பூட்டிக்கொள்ளும். நீங்கள் பழுதைச் சரியாகப் பார்த்திருந்தாலும், இந்தப் பூட்டை ஸ்கேனரில் அழிக்கும் வரை அது அசையாது. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் விசிடிஎஸ் என்ற ஸ்கேனர் மென்பொருளில், துணை ஹீட்டருக்கான 18ஆம் முகவரியைத் திறங்கள். தனியாகப் பொருத்திய ஹீட்டரின் டைமரில் எஃப்01 என்று வந்தால் பற்றவில்லை, எஃப்02 என்றால் பற்றி அணைந்துவிட்டது, எஃப்10 என்றால் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது.

இந்தப் பழுது எண்ணைப் பார்த்ததும் குளோ பின்னை வாங்கிவிடுகிறார்கள். பாதி நேரம் அது வீண் செலவு. ஹீட்டரின் புகைக்குழாய் வாயைப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

வெள்ளைப் புகை, கண்ணெரியும் எரியாத டீசல் நாற்றம்: டீசல் வருகிறது, பற்றவில்லை. குளோ பின்னோ, டீசலை ஆவியாக்கும் உலோக வலையோதான் காரணம். (நாற்றமில்லாத வெள்ளை வெறும் நீராவி, குளிரில் அது இயல்பு.) கறுப்புப் புகை: காற்று போதவில்லை. காற்று இழுக்கும் குழாயில் சேறு, உள்ளே கரி, துருப்பிடித்து அடைந்த சைலன்சர் என்று வரிசையாகப் பாருங்கள். விசிறி சுற்றியும் புகையே இல்லை: டீசல் வரவில்லை.

டீசல் வராத கேஸில் பம்ப் தட்டுகிறதா என்று கேளுங்கள். தட்டவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி காயிலை மீட்டரால் அளங்கள். எல்லையற்ற ஓம் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. காயில் நன்றாக இருந்தால் ஒயரையும் பிளக்கின் பச்சைக் களிம்பையும் பாருங்கள். தட்டியும் வராவிட்டால் ஹீட்டர் பக்கத்து இணைப்பைக் கழற்றி, 20 மில்லி சிரிஞ்சுக் குழலுக்குள் விட்டு, ஸ்கேனரால் பம்பை ஓட்டுங்கள். 5 கிலோவாட் ஹீட்டர் முழு வீச்சில் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 10 மில்லி. சோதனையில் பம்ப் மெதுவாகத் தட்டினால் அளவும் அதற்கேற்பக் குறையும். அளவைவிடக் குமிழியைக் கவனியுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனைகளும் ரப்பர் இணைப்புக்குள் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் அங்கே காற்று தங்கும், தீ விட்டு விட்டு எரியும். கோடை முழுக்க ஓடாமல் கிடந்த பம்ப் ஒட்டிப்போவது அடிக்கடி நடக்கும். புதிதாகப் போடும்போது டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து மாட்டுங்கள்.

குளோ பின் நல்ல நிலையில், ஆறியிருக்கும்போது 1 ஓமுக்கும் கீழே காட்டும். அவ்வளவு சிறிய அளவில் மீட்டர் ஒயரின் தடையும் சேர்ந்துகொள்ளும். முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் நேராக வைத்து 'சிவக்கிறதா' என்று பார்க்காதீர்கள். பீங்கான் பின் அப்படியே வெடித்துவிடும். பல மாடல்களில் தீயைக் கண்காணிப்பதும் இதே பின்தான். அதனால் பின் கெட்டால், எரிகிற தீயையே 'அணைந்துவிட்டது' என்று கன்ட்ரோல் யூனிட் நிறுத்திவிடும்.

பர்னரைத் திறக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். கூலன்ட் குழாய்களைக் கவ்வியால் நசுக்கி அடைத்தால் கொட்டுவது குறையும். உள்ளே கரி அப்பியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டி வேக்கூமால் உறிஞ்சுங்கள். வெப்பமாற்றி அலுமினியம், கம்பி பிரஷ் அதைக் கீறிவிடும். வலை கரியால் கெட்டிப்பட்டிருந்தால் கழுவி மிச்சம் பிடிக்க முயலாமல் பர்னரையே மாற்றுங்கள். கழுவிய வலை அடுத்த குளிர்காலம் வரை தாங்குவது அரிது. கேஸ்கட் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்க வேண்டும். பழையது கசிந்தால் புகை காரின் கேபினுக்குள் வரலாம், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

பலமுறை பற்றாமல் நின்ற ஹீட்டருக்குள் டீசல் தேங்கியிருக்கும். அதைத் துடைத்து உலர்த்தாமல் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்தால், பற்றும்போது குழாய் வழியே தீ பாயும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது.

மாட்டிய பின் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரின் சுழற்சிப் பம்பை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே காற்று நின்றால் சில நிமிடங்களில் எஃப்10 வந்து பூட்டிக்கொள்ளும். சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். டீசல் குழாயைக் கழற்றியிருந்தால் முதல் இரண்டு ஸ்டார்ட்டும் தோற்பது சகஜம். குழாய் நிறைந்ததும் பற்றும், முதல் ஒரு நிமிடம் புகைக்கும், பிறகு தெளிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் புகை தெளியாவிட்டால் வலையிலோ பின்னிலோ இன்னும் பாக்கி இருக்கிறது.

கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். கம்பெனி ஹீட்டர் வெயிலில் தானாக எழும்பாது என்பதால் ஸ்கேனர் வழியாகத்தான் எழுப்ப வேண்டும்.